கனடா எந்திரத்தின் கைரேகை

கருவூல விதி இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் அலுவலர் தன் மாதிரிக் கையொப்பத்தைத் தானே அனுப்பிவைத்தால் அதை ஏற்கக் கூடாது. யாருடைய கையொப்பம் கருவூலத்துக்கு ஏற்கெனவே தெரியுமோ, அப்படிப்பட்ட ஒருவர் சான்றளித்து அனுப்ப வேண்டும். தனக்குத் தானே யாரும் சாட்சி சொல்லிக்கொள்ள முடியாது என்பது இதன் சுருக்கம். கருவூல அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு பலருடைய சாபத்தை வாங்கியவன் நான். ஓய்வு பெற்றுச் சேலையூரில் குடியேறிய பிறகு இனி இது யாருக்கும் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். கனடாவில் இருந்த ஒரு கணினிக்குத் தேவைப்பட்டது.

விஷயம் மேல்மாடி டீச்சருடையது. அவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் பல தலைமுறைப் பிள்ளைகளைச் சுருதியோடு பாடவைக்க முயன்றவர். தன் தேவாலயத்தின் பாடகர் குழுவையும் நெடுங்காலம் நடத்தியவர். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை அவரே எழுதி, நான்கு குரல்களுக்கும் தனித்தனியாக இசை அமைத்துவைத்திருந்தார். பாட்டு தயாரான நேரத்தில் தேவாலயத்தில் புதிய கீபோர்டு வாங்கினார்கள். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேளம் வரும், இன்னொன்றை அழுத்தினால் கைதட்டல் வரும். அதற்குப் பிறகு நான்கு குரல் பாட்டை யாரும் கேட்கவில்லை. குறிப்பாக ஆல்டோவுக்கு மரியாதையே இல்லாமல் போயிற்று. ஆல்டோ என்பது பெண்குரல்களில் தணிந்தது. அது இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை, இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாக நிற்கும் என்று டீச்சர் எனக்கு விளக்கினார். எங்கள் துறையைப் பற்றியும் அப்படியே சொல்லலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

டீச்சரின் அக்கா கனடாவில் இருந்தார். அங்கே தமிழர்களின் தேவாலயம் ஒன்றில் பெரிய பாடகர் குழு. அக்கா அதில் ஆல்டோ. தங்கையின் பாட்டைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடலாம் என்று குழுத்தலைவரைச் சம்மதிக்கவைத்துவிட்டார். தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். அங்கே பலருக்கு இசைக்குறிப்பு படிக்க வராது, காதால் கேட்டுத்தான் கற்பார்கள். ஆகவே ஒவ்வொரு குரலும் தனித்தனிப் பதிவாக, கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு வரும் அட்வெந்து முதல் ஞாயிற்றுக்கு முன் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன வருஷத்துப் பாட்டே மறுபடியும்.

தான் அமைத்த பாட்டை முழுக் குழுவும் பாடி டீச்சர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தாளில் இருக்கிறது, தலைக்குள் கேட்கிறது, அவ்வளவுதான். இந்த வாய்ப்பு போனால் இன்னொன்று வராது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் செய்ததையெல்லாம் படிக்க வேண்டும்.

குடியிருப்பில் கணினியும் பிராட்பேண்டும் வைத்திருந்த ஓய்வூதியர் நான் ஒருவனே என்பதால் பதிவு எங்கள் கூடத்தில் நடந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, டீச்சரின் பழைய பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து மைக்கின் முன் பாடினார்கள். ஆண்குரல்களில் தணிந்ததான பாஸ் பாடியவர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறைச் சத்தத்தில் பேசிப் பேசி, எதையும் மெதுவாகச் சொல்லும் பழக்கமே அவருக்குப் போய்விட்டது. மைக்கை வாசல் பக்கம் தள்ளிவைத்தோம். ஆண்குரல்களில் உயர்ந்தது டெனர்; அதைப் பாடியவரின் முறை வந்தபோது தண்ணீர் லாரி ஒலியெழுப்பிக்கொண்டு பின்னோக்கி வந்தது. மறுபடி பாடினார். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் வந்தது. மறுபடி பாடினார்.

டீச்சரே ஆல்டோ பாடினார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. எல்லாக் குரலும் மூச்சடக்கி நிற்க வேண்டிய இடம். சரியாக அங்கே கோவளத்திலிருந்து வரும் மீன்காரம்மா மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"யம்மா, வஞ்சிரம் கீது, சங்கரா கீது. இன்னா, பட்டப்பகல்ல கதவ சாத்திகினு உள்ள குந்திகினு கீறீங்க?"

என் மனைவி கதவைத் திறந்து, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?" என்றார் மீன்காரம்மா, இன்னும் உரக்க.

டீச்சர் நிறுத்தவில்லை. இடைவெளி முடிந்ததும் சரியான சுருதியில் பிடித்துப் பாடி முடித்தார். இன்னொரு முறை எடுக்கத் தொண்டையில் தெம்பில்லை, இருக்கட்டும் என்றார்.

இனி அனுப்ப வேண்டும். போன வருஷம் டீச்சர் அக்காவுக்குத் தபாலில் அனுப்பிய சிடி கனடாவுக்கு இரண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மின்னஞ்சலோ இவ்வளவு பெரிய கோப்பைச் சுமக்க மாட்டேன் என்றது. கோப்பைச் சுருக்கி அனுப்பலாமே என்றேன். "குரலை நசுக்கினா முதல்ல சாகறது ஆல்டோதான் சார்" என்றார் டீச்சர். அக்காவின் மகன் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தான். பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் எங்களுக்கு ஒரு கணக்கு திறந்து, ஓர் இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொன்னான். போகிற வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி, கோப்பை மறையெழுத்தாக்கி அனுப்புவது அது. பல்கலைக்கழகம் வேறு எந்த வழியிலும் கோப்பு வாங்காதாம்.

எனக்கு இலவசம் என்றாலே சந்தேகம். அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசத் தொலைக்காட்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்குக்கூட ரேஷன் அட்டை கேட்டார்கள், வரிசையில் நிற்கவைத்தார்கள். இந்த மென்பொருள் எதையும் கேட்கவில்லை. உரிமப் பத்திரம் ஒன்று மட்டும் வந்தது. எல்லாரும் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்துவார்களாம். நான் அச்சிட்டுப் படித்தேன். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆனால் எதற்கும் உத்தரவாதம் கிடையாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் படித்த பத்திரங்களில் மிக நேர்மையானது அதுதான்.

திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. இடப்பக்கம் சேலையூர், வலப்பக்கம் கனடா. இங்கிருப்பதை இழுத்து அங்கே போட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை குதித்தது. எதிரே இருக்கும் கணினியை எனக்கு முன்பின் தெரியாது, நீங்கள் நினைக்கும் கணினிதான் இது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, அதன் கைரேகை இதோ, நம்புகிறீர்களா என்று கேட்டது. கீழே எண்ணும் ஆங்கில எழுத்துமாக, இரண்டிரண்டாக ஒரு நீண்ட வரிசை.

எனக்குப் புல்லரித்தது. வாழ்நாள் முழுவதும் மனிதர்களிடம் நான் கேட்டதை முதன்முறையாக ஓர் எந்திரம் என்னிடம் கேட்கிறது.

"என்ன சார் சொல்லுது?" என்றார் டீச்சர்.

"அந்தப் பக்கம் இருக்கறது நிஜமாவே உங்க அக்கா பையன் சொன்ன கம்ப்யூட்டர்தானான்னு கேக்குது."

"ஆமான்னு அழுத்துங்க."

"நமக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னானே சார்."

"அவன் பயனாளி, டீச்சர். பயனாளியே சான்று கொடுக்க முடியாது. நடுவுல வேற யாராவது உக்காந்துக்கிட்டு, நான்தான் அந்தக் கம்ப்யூட்டர்னு சொன்னா?"

"எங்க ஆல்டோவை எவன் சார் திருடப் போறான்? இங்க சர்ச்சுல சும்மா குடுத்தாலே வாங்க மாட்டேங்கறாங்க."

காபி கொண்டுவந்த என் மனைவி எச்சரிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்திக்கூட இவர் இவ்வளவு விசாரிக்கல டீச்சர்" என்றாள்.

'இல்லை' என்று அழுத்தினேன்.

மறுநாள் காலை அக்கா மகன் தொலைபேசியில் வந்தான். தமிழ் அவனுக்குக் கொஞ்சம் வழுக்கும். "அங்கிள், எல்லாரும் யெஸ்தான் அடிப்பாங்க. நான் ஈமெயில்ல ஃபிங்கர்பிரின்ட் அனுப்பறேன், நீங்க பாத்துக்குங்க."

"தம்பி, நடுவுல உக்காந்திருக்கறவன் ஈமெயிலையும் மாத்தி அனுப்பலாமே?"

"டெக்னிக்கலா நீங்க சொல்றது சரி அங்கிள்" என்றான், அதைச் சொல்ல அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும்படி.

ஆகவே முறைப்படி செய்தேன். பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, திரையில் கண்ட கைரேகை, அது தங்களுடையதுதானா என்று கையொப்பமிட்டு உறுதிசெய்யும்படி வேண்டுகோள். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் விமானத் தபாலில் பதிவு செய்தேன். நகல் ஒன்றை மின்னஞ்சலிலும் அனுப்பினேன். அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், தகவலுக்கு மட்டும் என்று அதிலேயே குறிப்பிட்டேன்.

பதில் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை மட்டும் தவறாமல் வந்தது. கேம்ப் ரோட்டில் தண்ணீர் நின்றது. பள்ளிக்கரணைப் பக்கம் சாலை எது, சதுப்பு எது என்று தெரியாமல் பஸ்கள் ஊர்ந்தன. தபால்காரர் பால்கனிக்குக் கீழே வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். டீச்சர் கீழே வருவதை நிறுத்திக்கொண்டார்.

"மேல ஆர்மோனியம் சத்தமே கேக்கல, கவனிச்சீங்களா?" என்றாள் மனைவி.

கவனித்திருந்தேன். காலையில் மேலிருந்து வரும் அந்தச் சத்தத்தைப் பற்றி நலச்சங்கத்தில் புகார் கொடுக்கலாமா என்று ஒரு காலத்தில் விதிகளைப் புரட்டியவன்தான் நான். இப்போது அது இல்லாத வீடு வேறு யாருடைய வீடோ போல இருந்தது.

"ஒரு யெஸ்தானே. அழுத்திட்டுத்தான் போங்களேன்."

"விதின்னு ஒண்ணு இருக்கு."

"விதிய நானும் முப்பது வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

அட்வெந்து ஞாயிறு நெருங்கிவிட்ட ஒரு காலையில் டீச்சர் கீழே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. பள்ளியில் தேர்வு நடத்தும் நாளில் இப்படித்தான் இருந்திருப்பார்.

"சார், உங்க கருவூல விதிய இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

"அப்போ, நமக்கு முன்னாடியே தெரிஞ்ச கையெழுத்துக்காரர் ஒருத்தர் சான்று குடுத்தா ஏத்துக்குவீங்க."

"ஏத்துக்கிட்டே ஆகணும்."

"எங்க அக்கா குரலை எனக்குப் பொறந்ததுலேர்ந்து தெரியும். அவ இப்போ அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே போய் உக்காந்திருக்கா. ஸ்பீக்கர்ல போடுங்க."

விதியை இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தவன் நான். அதைச் சரியாகப் படித்தவர் இவர். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். அங்கே இரவு. மகன் வேலை முடிந்த பிறகு அம்மாவை எந்திரங்கள் இருக்கும் அறைக்கே அழைத்துப்போயிருந்தான்.

"இங்க ஒரே குளிர்டி. ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றது ஒரு வயதான குரல். "எதிர்ல ஒரு கறுப்புப் பெட்டி இரைஞ்சுக்கிட்டு இருக்கு. இதுதான்னு இவன் சொல்றான். பேர் ஒட்டியிருக்கு, நானே பாத்தேன்."

பேசுபவர் அக்காதான் என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும் என்றேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சருக்கு அது நியாயமாகவே பட்டது.

"அக்கா, நாம சின்ன வயசுல பாடின பழைய பாட்டு, ரெண்டாவது சரணம், ஆல்டோ பாடு."

"இந்த ராத்திரியிலயா? இவனோட வேலை செய்யறவங்க வேற ரெண்டு பேர் நிக்கறாங்கடி."

"பாடுக்கா."

பாடினார். குரலில் கரகரப்பு இருந்தாலும் நன்றாகவே பாடினார். மூன்றாவது அடியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் லேசாகச் சுருதி இறங்கியது. டீச்சர் மேஜையைத் தட்டினார்.

"அவதான் சார். அதே இடம். சின்ன வயசுலேர்ந்து அங்கதான் இறங்குவா. வேற யாராலயும் அந்த மாதிரி இறங்க முடியாது."

"இன்னுமாடி அதைச் சொல்லிக்கிட்டு இருக்கே?" என்றார் அக்கா கனடாவிலிருந்து.

பணிக்காலத்தில் எத்தனையோ கையொப்பங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கறாரான சான்றை எந்த அலுவலரும் எனக்குத் தந்ததில்லை. மேலே போகலாம் என்றேன்.

அக்கா எந்திரத்தின் திரையில் இருந்த கைரேகையைப் படிக்கத் தொடங்கினார். இரண்டு ஜோடி போவதற்குள் கண்ணாடி சரியில்லை, வரிசை தவறுகிறது என்றார். தாளம் போட்டுப் படிச்சா தப்பாது என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அது படிப்பாக இல்லை, பாட்டாகவே ஆகிவிட்டது. எண்களைப் பேச்சாகவும், எழுத்துகளை மெட்டில் நீட்டியும் அக்கா சொல்ல, இங்கே டீச்சர் கையால் காலம் காட்ட, என் மனைவி திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, நான் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். கடைசி ஜோடி ஒத்துப்போனதும் அந்த அறையில் நின்றிருந்தவர்கள் கைதட்டுவது கேட்டது. கீபோர்டு கைதட்டல் அல்ல.

ஒரு சிறு சிக்கல் மீதி இருந்தது. கணினிப் பிரிவுத் தலைவரின் பதில் நிலுவையில் இருந்தது. இதற்கும் வழி உண்டு. அவசரம் கருதி, உரியவரிடம் பின்னேற்பு, அதாவது பிறகு வாங்கும் ஒப்புதல், பெறும் நிபந்தனைக்கு உட்பட்டு நடவடிக்கை எடுக்கலாம். கடித நகலின் ஓரத்தில் அப்படியே குறித்து, நாளிட்டு, கையெழுத்துப் போட்டேன். பிறகு 'ஆம்' என்று அழுத்தினேன். நான்கு கோப்புகளையும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு இழுத்துப் போட டீச்சரிடம் மவுஸைக் கொடுத்தேன். பெண்குரல்களில் உயர்ந்ததான சோப்ரானோவை முதலில் போடலாமா என்றதற்கு, "இல்ல சார், இந்தத் தடவை ஆல்டோ முன்னாடி போகட்டும்" என்றார்.

எங்கள் பிராட்பேண்டின் வேகத்தில் பச்சைப் பட்டை எறும்பு போல நகர்ந்தது. பாஸ் பாதி போகும்போது மின்சாரம் போயிற்று. டீச்சர் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மனைவி உப்புமா கிண்டிக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே மழையைப் பார்த்தோம். மின்சாரம் வந்ததும் அந்த மென்பொருள் பணிவாகக் கேட்டது: விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? என் அலுவலகத்தில் கோப்பு ஒருமுறை நின்றால் மறுபடி முதல் மேஜையிலிருந்துதான் கிளம்பும். காசு வாங்காத ஒன்று இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்தபோது யாரையோ கூப்பிட்டுப் பாராட்ட வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் நான்கு குரலும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அக்கா தன் குழுவோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு மறுநாள் அழைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் புரியவில்லை.

"ஏண்டி, நடுவுல வஞ்சிரம் விக்கறாங்களே."

"அதை வெட்டிடச் சொல்றேன்க்கா. சாருக்கு அதுவும் தெரியுமாம்."

"வெட்டினே, அப்புறம் பாரு. எத்தனை வருஷமாச்சு அந்தச் சத்தம் கேட்டு. எங்க குவயர்ல எல்லாரும் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போடச் சொல்றாங்க. சங்கரா என்ன விலைன்னு டெனர் கேக்கறார்."

கிறிஸ்துமஸ் நாள் காலையில் எங்கள் கூடத்தில் நிற்க இடமில்லை. திருமுடிவாக்கத்து பாஸ் குடும்பத்தோடு வந்திருந்தார். அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அக்கா மகன் கைபேசியைத் தேவாலயத்தின் முன்வரிசையில் பிடித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் இரைச்சல், இருமல், நாற்காலி நகரும் சத்தம். பிறகு நான்கு குரலும் ஒன்றாக எழுந்தன.

டீச்சர் எழுந்து நின்றார். தொலைபேசியைப் பார்த்துக் கையசைத்து நடத்தினார், அவர்களுக்குத் தெரியும் என்பது போலவே. இரண்டாவது சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் அக்காவின் ஆல்டோ வழக்கம்போல லேசாகச் சுருதி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். கடைசி இடைவெளியில், இங்கும் அங்கும், எல்லாரும் மூச்சடக்கி நின்றார்கள். மீன்காரம்மாவின் இடம் அது. இந்த முறை அங்கே நிசப்தம்; ஆனால் எங்கள் கூடத்தில் யாருக்கும் அது நிசப்தமாகக் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் பாஸ்காரர், "நம்ம டீச்சர் பாட்டு" என்று தன் வழக்கமான குரலில் சொன்னார். கனடாவில் கேட்டிருக்கும்.

பதிலைப் பற்றி எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. ஒரு நினைவூட்டுக் கடிதமும் அனுப்பினேன். கடைசியில் கெட்டியான உறையில், முத்திரையோடு, கையொப்பத்தோடு அது வந்தது. தாங்கள் குறிப்பிட்ட கைரேகை சரியானதே. தாமதத்துக்கு வருந்துகிறோம், இதுவரை யாரும் இப்படிக் கேட்டு எழுதியதில்லை என்பதால் இதற்கு எந்தப் பிரிவு பதில் சொல்வது என்று முடிவாகவில்லை. மேற்படி கணினி புத்தாண்டோடு பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

மேலே ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டிருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி டீச்சரிடம் படித்துக் காட்டினேன்.

"ரிட்டையர் ஆயிடுச்சா? பாவம். பென்ஷன் உண்டா சார்?" என்றார், கட்டைகளிலிருந்து கையை எடுக்காமலே. கனடாக்காரர்கள் ஈஸ்டருக்கும் ஒரு பாட்டு கேட்டிருந்தார்கள். அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. புதிய எந்திரத்தின் கைரேகையை அக்கா முன்பே பாடி முடித்திருந்தார். என் மனைவி சரிபார்த்திருந்தாள்.

கீழே வந்து, கடித நகலின் ஓரத்தில் நான் விட்டுவைத்திருந்த இடத்தில் 'பின்னேற்பு பெறப்பட்டது' என்று எழுதி, நாள் குறித்தேன்: பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை.